அழித்த லேபிளில் தொடங்கிய ஓவியம்

இசைத்தட்டும் டிஜேயும் சேர்ந்து உருவாக்கிய காட்சிக் கலையின் வரலாறு வழக்கமாக அட்டை உறையில் தொடங்கி ஓவியக்கூடத்தில் முடிகிறது. முதலில் நிறுவனங்கள் உறைகளில் படம் போட்டன. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை டிஜே மேசைக்கு வந்தது. பிறகு ஓவியர்கள் அந்த உலகத்தைத் திரைச்சீலைக்குக் கொண்டுபோனார்கள் என்று அந்தக் கதை போகும். வாசிக்க இதமான வரிசைதான். ஆனால் 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனையும் 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸையும் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த வரிசை நிற்பதில்லை. அந்த இரண்டு இடங்களிலும் தட்டு போடுகிறவர்கள் முதலில் செய்த காரியம், தட்டின் மேல் அச்சாகியிருந்த பெயரையும் படத்தையும் சுரண்டி எடுத்ததுதான். டிஜே பண்பாட்டின் ஓவியம் நிறுவனம் கொடுத்த படத்தின் தொடர்ச்சியாக வளரவில்லை என்பது என் வாதம். அந்தப் படத்தை வேண்டுமென்றே அழித்தபோது ஒரு வெற்றிடம் உண்டானது. அதை நிரப்பத்தான் இந்த ஓவியம் பிறந்தது. இதை ஒப்புக்கொண்டால், யாரை இந்தக் கலையின் முன்னோடி என்று சொல்வது, எதைக் காப்பகத்தில் வைப்பது என்ற கேள்விகளுக்கும் பதில் மாறிவிடும்.

அழிக்கப்பட்டது எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 78 சுழற்சித் தட்டுகளின் காலத்தில் உறை என்பது பழுப்புத் தாள். நடுவில் வட்டமாக வெட்டிய துளை வழியாக லேபிள் தெரியும். லேபிள்தான் தட்டின் முகம். குழாயின் முன் நாய் உட்கார்ந்திருக்கும் சின்னத்தைத் தமிழ் வீடுகளிலும் எழுத்துத் தெரியாதவர்கள்கூட அடையாளம் கண்டார்கள். பல தட்டுகள் கொண்ட தொகுப்புகள் கெட்டி அட்டையில் வந்தபோதும் முதுகில் பெயர் பொறித்ததோடு சரி. கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940 வாக்கில் அந்த அட்டைகளுக்கு ஓவியம் தீட்டத் தொடங்கியதும் விற்பனை ஏறியது; 1948இல் நீளிசைத் தட்டு வந்தபின் 12 அங்குலச் சதுரம் ஒரு தனிக் கலைத்தளமாகவே ஆகிவிட்டது. ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ரீட் மைல்ஸ் செய்த ஜாஸ் உறைகளைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனாலும் இந்தக் கலைக்கு ஒரு எசமான் இருந்தார். உறை பேசியது நிறுவனத்தின் குரலில்; யாருடைய பாட்டு, யாருடைய சொத்து, எந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார் என்பதை அது அறிவித்தது. வாங்கி வீட்டில் வைத்துக் கேட்கிறவருக்கு அந்த அறிவிப்பு உதவி. பலர் கூடிய இடத்தில் தட்டு போட்டுப் பிழைக்கிறவருக்கு அதுவே ஆபத்து.

ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் இதை முதலில் உணர்ந்தவர்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவரைப் போல, கிங்ஸ்டனின் திறந்த வெளிகளில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி, நுழைவுக் காசும் மதுவும் விற்று நடத்திய தொழில் அது. 1950களில் டியூக் ரீட், காக்ஸோன் டாட் போன்றவர்கள் அமெரிக்காவிலிருந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளை வரவழைத்தார்கள். எதிராளியிடம் இல்லாத தட்டு ஒருவரிடம் இருந்தால் கூட்டம் அவர் பக்கம். அதனால் தட்டு கைக்கு வந்ததும் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். வில்லிஸ் ஜாக்ஸன் என்ற அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞரின் பதிவு ஒன்றுக்குக் காக்ஸோன் தன் பெயரையே சூட்டி, ‘காக்ஸோன் ஹாப்’ என்று போட்டுவந்தார். அசல் எது என்று தெரியாமல் டியூக் ரீட் நெடுங்காலம் தேடினார். கடைசியில் கண்டுபிடித்துத் தன் மேடையில் போட்டபோது காக்ஸோனுக்கு அது பெரிய அடி. இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் போட்டியின் சுவைக்காகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லேபிள் போன இடத்தில் இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது, அந்தப் பெயர் தட்டு போடுகிறவருடையது. அதே பெயர்தான் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் வரையப்பட்டது. பாட்டின் முகம் தட்டிலிருந்து பெட்டிக்கு இடம் மாறியது.

கிங்ஸ்டனில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல் 1967இல், பன்னிரண்டு வயதில், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அவரை உலகம் டிஜே கூல் ஹெர்க் என்று அறியும். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் அவர் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்து ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்ப்பது சிண்டியின் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். அழைப்பைச் சிறு அட்டைகளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரவு பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அதைவிடக் குறைவாகப் பேசப்படும் செய்தி, ஹெர்க் தன் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவந்தார் என்பது. தட்டின் பெயரை மறைத்துவை, உன் புகழ் அதில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா. கிங்ஸ்டனின் தொழில் வழக்கம் ஒரு குடும்பத்தின் வழியாகக் கடல் கடந்து பிராங்ஸுக்கு வந்து சேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது கரீபியர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கே, விகன் கசீனோ முதலிய அரங்குகளில் விடிய விடிய நடந்த நார்தர்ன் சோல் ஆட்டங்களிலும் டிஜேக்கள் லேபிளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொய்ப் பெயர் சொன்னார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு பாட்டு அங்கே எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் முதலில் ஒலித்தது. அங்கேயும் மறைத்த இடத்தில் ஒரு படம் முளைத்தது. ஆட வந்தவர்கள் சட்டையிலும் பையிலும் தைத்துக்கொண்ட துணி வில்லைகளில் உயர்த்திய முஷ்டியும் விகனின் ஆந்தையும் இருந்தன. இரண்டும் அரங்கத்தின், கூட்டத்தின் சின்னங்கள்; பாடகரின் முகமோ நிறுவனத்தின் முத்திரையோ அங்கு இடம்பெறவில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில் ஒரே காரணம் ஒரே விளைவைத் தந்திருக்கிறது என்பது என் வாதத்துக்குப் பெரிய துணை.

அழிப்பதோடு வேலை முடியவில்லை. லேபிள் இல்லாத தட்டைக் கையாள வேறு குறி வேண்டும். பார்படாஸில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். பாட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை, அந்த ‘பிரேக்’கை, முடியாமல் நீட்டிக்கொண்டே போக வேண்டும் என்றால் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றித் திரும்ப முதல் புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். ஊசியைத் தூக்கி வைத்துக் குத்துமதிப்பாகத் தேடுவதில் அவருக்குத் திருப்தியில்லை. மெழுகு வண்ணக்குச்சியால் தட்டின் மேல் கோடு போட்டார். அந்தக் கோடு கடிகார முள் போல எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை சுற்றுப் பின்னால் திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டார். கண்ணால் படித்துக் காதுக்குப் பரிமாறும் முறை அது. நிறுவனம் அச்சிட்ட முகம் போய், பயன்படுத்துகிறவர் வரைந்த முகம் வந்தது. ஒரு வண்ணக் கோட்டை ஓவியம் என்று அழைக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் தட்டின் பரப்பு வரைவதற்கு உரியது, அதன் மேல் கை வைக்கலாம் என்ற துணிவு அங்கேதான் பிறந்தது. பின்னால் வந்த எல்லாமே அந்தத் துணிவின் மேல் நிற்கிறது. 1980களின் தொடக்கத்தில், டிஜேக்கள் மறைத்துவைத்திருந்த பிரேக்குகளையே தொகுத்து அனுமதியில்லாத தட்டுகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் லேபிளில் தட்டு போட்டுக்கொண்டிருந்தது ஒரு ஆக்டோபஸ். அதனால் ஆக்டோபஸ் தட்டுகள் என்றே பெயர். பாடகர் இல்லை, நிறுவனச் சின்னம் இல்லை. பல கைகளோடு ஒரு டிஜே. லேபிள் மறுபடி படம் பெற்றபோது யாருடைய படம் பெற்றது என்று பாருங்கள்.

இனி நோட்டீஸ்களுக்கு வருவோம். இந்த வரலாற்றின் மையம் அவைதான் என்பது என் துணிபு. 1970களின் பிற்பாதியில் பிராங்ஸ் எரிந்து தணிந்துகொண்டிருந்த ஊர். நெடுஞ்சாலை ஊரை நடுவே பிளந்திருந்தது. தென் பிராங்ஸின் சில வட்டாரங்களில் பத்தாண்டுக்குள் கட்டடங்கள் ஏறக்குறைய முழுவதுமாகத் தீயிலும் கைவிடப்பட்டும் அழிந்தன. அந்த ஊரில் டிஜேக்களின் விருந்துகளுக்கு நாளிதழ் விளம்பரமோ வானொலி அறிவிப்போ கிடையாது. பள்ளி வாசலிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் கையில் கொடுக்கும் தாள் ஒன்றுதான் வழி. டி-கனெக்‌ஷன், எக்ஸ்டஸி கராஜ், ஹார்லெம் வேர்ல்டு போன்ற அரங்குகளுக்காக அந்தத் தாள்களை வடிவமைத்தவர்களில் தலையாயவர் படி எஸ்கொயர். நோட்டீஸ்களின் அரசர் என்று அவரை அழைத்தார்கள், அது மிகையில்லை. கலைப்பள்ளி எதிலும் அவர் பாடம் பெறவில்லை. சுவரில் பெயர் எழுதிப் பழகிய கை, நூலகப் புத்தகங்களைப் பார்த்து எழுத்து வடிவங்களைக் கற்ற கண். தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துகள், அளவுகோல், பேனா, வெட்டி ஒட்டிய புகைப்படங்கள் ஆகியவற்றால் ஒரு மூலத்தாளைச் செய்து, அதை நகலெடுத்துக் கொடுப்பது அவருடைய முறை. நூற்றுக்கணக்கான நோட்டீஸ்கள் அவர் கையிலிருந்து வந்தன.

அவற்றைப் பார்க்கிறவரை முதலில் நிறுத்துவது அவற்றின் நேர்த்தி. எரிந்த ஊரின் கோபமோ சிதைவோ அவற்றில் இல்லை. 1930களின் ஆர்ட் டெக்கோ பாணியில் இணைகோடுகள், கதிர்கள், படிக்கட்டாக இறங்கும் ஓரங்கள், ஒன்றுக்குள் ஒன்று சமச்சீராக அமைந்த சட்டங்கள். தன் பாணியை அவர் நியோ-டெக்கோ என்று அழைத்தார். பிராங்ஸின் பெருஞ்சாலையான கிராண்ட் கன்கோர்ஸ் நெடுகிலும் அதே பாணியில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் வசதி படைத்தவர்கள் வாழ விரும்பிய வீடுகள். ஊரின் பழைய செல்வம் விட்டுப்போன எழுத்தை எடுத்து, அந்த ஊரில் மிஞ்சியவர்களின் இரவுக்கு அழைப்பு எழுதினார் என்றே அந்தத் தாள்களை நான் படிக்கிறேன். நல்ல உடையில் வாருங்கள், விளையாட்டுக் காலணி வேண்டாம் என்று அவற்றில் அடிக்கடி குறிப்பு இருக்கும். ஏழ்மையின் கலை என்று இதை அடக்கிவிடுகிறவர்கள், இந்தத் தாள்கள் கேட்ட மரியாதையைக் கவனிப்பதில்லை.

என் வாதத்துக்கு வலுவான சான்று அந்த நோட்டீஸ்களின் வாசகத்திலேயே இருக்கிறது. டிஜேயின் பெயர் பெரிதாக, மேடையில் பேசிப் பாடும் எம்சிக்களின் பெயர் அடுத்து, இடம், நாள், நேரம், கட்டணம், எந்த ரயிலில் எங்கே இறங்க வேண்டும் என்ற வழி, ஓரத்தில் வடிவமைத்தவரின் கையொப்பம். எந்தப் பாட்டு ஒலிக்கும், யாருடைய தட்டு சுழலும் என்பது பெரும்பாலும் இருக்காது. ஒரு இசை விழாவின் விளம்பரத்தில் இசையின் பெயர் இல்லை. தட்டின் லேபிளை ஊறவைத்து உரித்த அதே மறைப்பு தாளிலும் தொடர்கிறது. உரித்த இடத்தில் டிஜேயின் பெயர் அலங்காரத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. நீளிசைத் தட்டின் உறை செய்த வேலை, அதாவது இந்த இசைக்கு இதுதான் முகம் என்று காட்டும் வேலை, இங்கே ஓசையில்லாமல் இந்தத் தாளுக்கு மாறிவிட்டது. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ தட்டாக வெளியாகும்வரை இந்த இசைக்கு விற்பனைத் தட்டு என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 1973இலிருந்து அந்த ஆறு ஆண்டுகளுக்கும் உறை, சுவரொட்டி, அழைப்பிதழ் எல்லாமே கையில் கொடுத்த தாள்கள்தான்.

இவை வெறும் விளம்பரம், வியாபார அவசியம்; இவற்றைக் கலை என்று தூக்கிப் பிடிப்பது காலம் கடந்த பரிவு என்று ஒரு மறுப்பு உண்டு. லேபிளை மறைத்ததும் வியாபாரம், நோட்டீஸ் அடித்ததும் வியாபாரம் என்பது உண்மை. ஆனால் ஸ்டைன்வைஸின் உறைகளும் விற்பனைக்காகப் பிறந்தவைதான்; அவற்றுக்குத் தரும் மதிப்பை இவற்றுக்கு மறுக்க என்ன நியாயம்? கூலிக்குச் செய்த வேலையில் தேவைக்கு மேல் எவ்வளவு உழைப்பு போயிருக்கிறது என்பது நல்ல அளவுகோல். இடமும் நேரமும் தெரிந்தால் போதும் என்ற நோட்டீஸுக்கு மூன்றடுக்குச் சட்டமும் கதிர்க்கோடுகளும் தேவையில்லை. இரண்டு நாளில் குப்பைக்குப் போகும் தாளுக்குக் கையொப்பமும் தேவையில்லை. படி எஸ்கொயர் கையொப்பமிட்டார். வியாபாரம் அந்தத் தாளைக் கேட்டது. அதன் அழகை யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நியூயார்க்கின் சுவரெழுத்து, கிராஃபிட்டி, ஹிப் ஹாப்புக்கு மூத்தது. டாக்கி 183 என்று ஊரெங்கும் எழுதிய இளைஞரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூலையிலேயே செய்தி வெளியிட்டுவிட்டது. ஹெர்க்கின் விருந்துக்கு அது இரண்டு ஆண்டு முந்தையது. சுவரில் எழுதியவர்கள் பலர் ராக் இசை கேட்டவர்கள். கிராஃபிட்டியையும் டிஜேயையும் ராப்பையும் ஆட்டத்தையும் ஒரே குடும்பமாகக் கட்டியது 1980களின் தொடக்கத்தில் சுவரெழுத்தாளர் ஃபேப் 5 ஃப்ரெடி போன்றவர்களும் ‘வைல்டு ஸ்டைல்’ போன்ற திரைப்படங்களும்தான் என்று மூத்த சுவரெழுத்தாளர்கள் பலர் சொல்கிறார்கள். நான் இதைப் பெருமளவு ஏற்கிறேன். ரயில் பெட்டிகளின் ஓவியத்தை டிஜேயின் குழந்தை என்று சொல்வது வரலாற்றுப் பிழை. அதனால்தான் இந்தக் கட்டுரை ரயில்களை விட்டு நோட்டீஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கைத்தொழில்களும் படம் எடுக்கிறவர்களின் யோசனைக்கு முன்பே சந்தித்த இடம் அது. ஃபேஸ் 2 என்ற பெயரில் எழுதியவர் 1972 வாக்கில் உப்பிய குமிழி எழுத்தை ரயில்களில் கொண்டுவந்தவர். அவரே டிஜே விருந்துகளுக்கு நோட்டீஸ் வடிவமைத்தவர்களில் முதல் வரிசையில் இருக்கிறார். ஹெர்க்கும் டிஜே ஆகுமுன் சுவரில் எழுதியவர். ‘கூல்’ என்ற பெயர் அந்தக் காலத்தது. சுவரில் எழுதும் பழக்கம் தன் பெயரைப் பெரிதாக எழுதக் கற்றுக்கொடுத்தது. லேபிளை அழிக்கும் பழக்கம் அந்தப் பெயருக்கு இடம் காலி செய்துகொடுத்தது.

1980களில் இந்தக் கலை விற்பனைத் தட்டுக்கும் ஓவியக்கூடத்துக்கும் ஏறியபோது வெற்றிடம் வேறு வடிவில் கூடவே வந்தது. டிஜேக்களுக்காகவே 1970களின் நடுவில் உருவான 12 அங்குல ஒற்றைப்பாட்டுத் தட்டு, பெரும்பாலும் நிறுவனத்தின் பொது உறையில், நடுத்துளையோடு வந்தது. பாட்டுக்கென்று தனிப் படம் இல்லை. அந்தக் காலிச் சதுரத்தில் சுவரெழுத்தாளர்கள் நுழைந்தார்கள். 1982இல் செல்லுலாய்ட் நிறுவனத்தின் 12 அங்குலத் தட்டுகளுக்கு ஃப்யூச்சுரா 2000 உறை வரைந்தார். அவற்றில் ஒன்றான ஃபேப் 5 ஃப்ரெடியின் ‘சேஞ்ச் த பீட்’ டிஜேக்கள் மிக அதிகமாக ஸ்க்ராட்ச் செய்த தட்டுகளில் ஒன்றாயிற்று. 1983இல் ராமெல்ஸியும் கே-ராபும் பாடிய ‘பீட் பாப்’ தட்டுக்கு ஓவியர் ஜான்-மிஷேல் பாஸ்கியா கருப்பின் மேல் வெள்ளையாக உறை வரைந்தார். முதலில் 500 படிகளே வந்தன. அதே ஆண்டு மான்செஸ்டரில் நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’க்குப் பீட்டர் சாவில் செய்த உறை கணினி நெகிழ்வட்டின் வடிவில், துளைகள் வெட்டப்பட்டு வந்தது. குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் எழுத்தில் கிடையாது, ஓரத்தில் நிறக் கட்டங்களாக மறைந்திருந்தன. ஆட்ட அரங்கில் ஒலிப்பதற்கென்றே பிறந்த தட்டு, பெயரைத் தானாகவே மறைத்துக்கொண்டு வந்தது. கிங்ஸ்டனுக்கும் சாவிலுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத தட்டுக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்பதை அதற்குள் ஆட்ட அரங்குகள் எல்லாம் அறிந்திருந்தன.

பாஸ்கியாவிடம் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் என் வாதத்தைச் சோதிக்கிறவர் அவர். டிஜே உலகத்துக்கு அவர் அந்நியர் இல்லை. 1981இல் பிளாண்டி குழுவின் ‘ராப்ச்சர்’ காணொளியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் வராத குறைக்கு டர்ன்டேபிள்களின் பின்னால் நின்றவர் அவர்தான். 1983இல் ‘டிஸ்காகிரஃபி’ என்ற தலைப்பில் செய்த ஓவியங்களில் கரும்பரப்பில் வெள்ளை எழுத்தாகப் பதிவு விவரங்களைப் பட்டியலிட்டார். ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் 1945 பதிவில் யார் எந்தக் கருவி என்பது உட்பட. 1985இல் ‘நவ்ஸ் த டைம்’ என்று பார்க்கரின் பாட்டுப் பெயரிலேயே, இரண்டு மீட்டருக்கும் அதிகமான விட்டத்தில் மரப்பலகையில் ஒரு தட்டை வரைந்தார். கருவட்டம், அலைபாயும் சில வெள்ளைக் கோடுகள், நடுவில் பாட்டின் பெயர், பார்க்கர் என்பதன் மெய்யெழுத்துகள் மட்டும். டிஜேக்கள் பெயரை அழித்தார்கள் என்றால் இவர் பெயரைத் திரும்ப எழுதுகிறாரே, வாதம் இங்கே உடைகிறதே என்று கேட்கலாம். உடையவில்லை. அவர் எழுதியது நிறுவனத்தின் லேபிளை அல்ல. நிறுவனச் சின்னம் அங்கே இல்லை. பாதி விழுங்கப்பட்ட ஒரு கருப்பினக் கலைஞனின் பெயரைத் தன் கைநடுக்கத்தோடு எழுதியிருக்கிறார். லேபிள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஹெர்க் உரித்துக் கேட்டார், பாஸ்கியா எழுதிக் கேட்டார். இந்தக் கலையில் நான் மிக உயர்வாக மதிக்கும் படைப்பு அந்த மரவட்டம்தான்.

ஐரோப்பிய முன்னணிக் கலை இதையெல்லாம் முன்பே செய்துவிட்டது என்று சொல்லும் கலை வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் தரவுகள் சரியானவை. மோஹோலி-நாகி 1920களின் தொடக்கத்திலேயே தட்டின் பள்ளத்தைக் கையால் கீறிப் புது ஓசை உண்டாக்கலாம் என்று எழுதினார். மார்செல் டுஷாம் 1935இல் டர்ன்டேபிளில் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டிய வண்ண வட்டுகளைப் பாரிஸின் கண்டுபிடிப்புக் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்தார். கிட்டத்தட்ட எதுவும் விற்கவில்லை. பிராகில் மிலான் க்னீஷாக் 1960களில் தட்டுகளை உடைத்தும் எரித்தும் ஒட்டியும் போட்டார். காலத்தால் இவர்கள் முந்தியவர்கள்தான். ஆனால் முந்தியிருப்பது மட்டும் மூதாதையாக்கிவிடாது. பிராங்ஸின் பொதுக்கூடத்துக்கு இந்தச் செய்திகள் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றில்லை. அங்கே போய்ச் சேர்ந்தது கிங்ஸ்டனில் இருந்து வந்த ஹெர்க்கின் அப்பாவுடைய அறிவுரை. நோக்கமும் வேறு. முன்னணிக் கலைஞர்கள் தட்டை ஒரு கருத்தாக எடுத்து அதைக் கேள்வி கேட்டார்கள். டிஜேக்களுக்கு அது பிழைப்பு, மறுநாளும் ஒலிக்க வேண்டும், ஆகவே கீறலும் குறியும் அளவறிந்து செய்யப்பட்டன.

இரண்டு மரபுகளையும் சேர்த்து யோசிக்கத் தூண்டுகிறவர் கிறிஸ்டியன் மார்க்ளே. ஜெனீவாவில் வளர்ந்து, 1970களின் இறுதியில் அமெரிக்காவில் டர்ன்டேபிளைக் கருவியாக எடுத்தவர். அவருடைய ஊற்று பங்க் இசையும் நிகழ்த்துகலையும்தான், பிராங்ஸ் அல்ல. 1985இல் அவர் வெளியிட்ட ‘ரெக்கார்டு வித்தவுட் அ கவர்’ உறையே இல்லாமல் கடைக்கு வந்தது. கடைக்குப் போகும் வழியிலும் வாங்கியவர் வீட்டிலும் விழுந்த ஒவ்வொரு கீறலும் அதன் இசையில் சேர்ந்துகொண்டது. 1989இல் சூரிச்சில் 3500 தட்டுகளைத் தரையில் பரப்பி மக்களை அவற்றின் மேல் நடக்கவிட்டார். பிறகு உறைப் படங்களை ஒன்றோடொன்று தைத்து, ஒருவர் தலைக்கு இன்னொருவர் கால் வைத்து ‘பாடி மிக்ஸ்’ வரிசையைச் செய்தார். வேறு ஊற்றிலிருந்து வந்தவரும் உறையைக் கழற்றியே தொடங்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தட்டைக் கைக்கருவியாக எடுக்கிற எவருக்கும் நிறுவனத்தின் படம் இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு, இது டிஜேக்களிடமிருந்தே வரக்கூடியது. நாங்கள் உறைகளை வெறுக்கவில்லை. தூசி படிந்த அடுக்குகளில் உறைப் படத்தையும் பின்பக்கத்துக் கலைஞர் பட்டியலையும் பார்த்துத்தான் தெரியாத தட்டை வாங்கினோம் என்பார்கள். முழுக்க உண்மை. உறையைப் படிக்கத் தெரிந்தவர்களால்தான் அதை மறைக்கவும் முடிந்தது. அந்தத் தேடல் பின்னர் தனிப் பண்பாடாகவே வளர்ந்தபோது உறைக்கு அது என்ன செய்தது என்பதற்கு டிஜே ஷாடோவின் 1996 தொகுப்பான ‘என்ட்ரொட்யூசிங்’ சாட்சி. அதன் முகப்பில் வழக்கமான பாடகர் படம் இல்லை. கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோவில் ஒரு பழைய தட்டுக்கடையில் அடுக்குகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களை பி-ப்ளஸ் எடுத்த புகைப்படம் இருக்கிறது. ஏறக்குறைய முழுக்கப் பிறருடைய தட்டுத் துணுக்குகளால் ஆன இசைக்கு, அந்தத் துணுக்குகளின் பெயர்களைக் காட்டாமல் தேடுகிறவர்களைக் காட்டும் உறை. ஆக்டோபஸ் லேபிளிலிருந்து இங்கேவரை கோடு நேராகத்தான் வருகிறது.

இந்த வரலாறு எழுதப்படும் முறையை மாற்ற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. 2007இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஹிப் ஹாப் காப்பகத்தைத் தொடங்கி, படி எஸ்கொயரின் நோட்டீஸ்களையும் மூலத்தாள்களையும் சேகரித்துக் காத்தது. 2014இல் அவர் இறந்தபோது அவருடைய வேலை பாதுகாப்பாக இருந்தது. பிராங்ஸ் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவின் பல்லாயிரம் தட்டுகள் அங்கே போகுமுன் 2013இல் நியூயார்க்கின் ஓர் ஓவியக்கூடத்தில் பொதுமக்கள் பார்வையில் வகைப்படுத்தப்பட்டன. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் பழந்தட்டு வணிகம் வேறு விதியில் நடக்கிறது. லேபிளில் பேனா எழுத்தோ ஒட்டுத்தாளோ கிழிசலோ இருந்தால் தட்டின் தரம் குறைகிறது, விலை சரிகிறது; விற்பவர்கள் அந்தக் குறிகளைச் சுரண்டித் துடைத்துச் சுத்தமாக்கி விற்கிறார்கள். ஊறவைத்து உரித்த வடு, மெழுகுக்கோடு, பொய்ப்பெயர் எழுதிய வெள்ளைத்தாள் எல்லாம் அந்தக் கணக்கில் சேதம். ஒரு டிஜேயின் தட்டுத் தொகுப்பு காப்பகத்துக்கு வரும்போது பாடகர், நிறுவனம், ஆண்டு ஆகியவற்றோடு, ஒவ்வொரு பக்கத்தின் லேபிளில் என்ன அழிக்கப்பட்டிருக்கிறது, என்ன வரையப்பட்டிருக்கிறது என்பதும் பட்டியலில் தனிக் கட்டமாக ஏற வேண்டும், துடைப்பதற்கு முன் படமெடுக்கப்பட வேண்டும். நோட்டீஸ் வரைந்தவர்களுக்காவது கையொப்பம் இருந்தது. தட்டின் மேல் கோடு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு ஆவணம் கிடையாது.